பிடிக்குள் இருப்பதைப் பாருங்கள்: நவீன ஜப்பானிய வாளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜப்பானிய வாள் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் முதலில் எஃகைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். என்ன எஃகு, எத்தனை முறை மடித்து அடித்தது, வெட்டுவாயில் அலை வரி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். விற்பவர்களும் அவற்றையே பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஆனால், வீசும்போது வாள் பத்திரமாக இருக்குமா, பல ஆண்டுகள் கழித்தும் கையில் உறுதியாக நிற்குமா என்பதை முடிவு செய்யும் இரண்டு விஷயங்கள் விளம்பரப் படத்தில் தெரிவதே இல்லை. ஒன்று, காய்ச்சித் தோய்த்து எஃகுக்கு ஏற்றிய பதம். மற்றது, பிடிக்குள் மறைந்திருக்கும் கட்டுமானம். வாங்குபவரின் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் இந்த இரண்டும்தான் என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சந்தை எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1876இல் ஜப்பானின் மெய்ஜி அரசு, படையினர், போலீசார் போன்றோரைத் தவிர மற்றவர்கள் பொது இடங்களில் வாள் அணிவதற்குத் தடை விதித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆக்கிரமிப்புப் படைகள் ஏராளமான வாள்களைப் பறிமுதல் செய்தன. 1958ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, மரபு முறையில் உருவான, கலைப்பொருளாக மதிக்கத்தக்க அலகுகளை மட்டுமே அங்கே பதிவு செய்து வைத்திருக்க முடியும். புதிய வாள் அடிக்க உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கு மூத்த கொல்லர் ஒருவரிடம் குறைந்தது ஐந்து ஆண்டுகள் சீடராக இருந்திருக்க வேண்டும். உரிமம் கிடைத்த பிறகும் மாதத்துக்கு இரண்டு நீள வாள்களுக்கு மேல் அடிக்கக் கூடாது.

மூலப்பொருளும் எளிதில் கிடைப்பதில்லை. ஷிமானே மாகாணத்தின் ஒகுயிசுமோவில் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் 1977 முதல் நடத்திவரும் ததாரா உலையில்தான் வாள் கொல்லர்களுக்கான தமஹகனே எஃகு உருவாகிறது. குளிர்காலத்தில் மட்டும் எரியும் இந்த மண் உலை, மூன்று பகல் மூன்று இரவு ஓய்வின்றி எரிந்து, ஏறத்தாழ 10 டன் இரும்பு மணலையும் 12 டன் மரக்கரியையும் விழுங்கிவிட்டு, 2.5 டன் அளவிலான ஒரே பாளத்தைத் தருகிறது. அதை உடைத்துத் தரம் பிரித்தால் உயர்தர எஃகாகத் தேறுவது ஒரு பகுதிதான். அதன் பிறகு அலகை அடிப்பவர் ஒருவர், மெருகேற்றுபவர் இன்னொருவர். கழுத்துப் பட்டை, உறை, பிடிச் சுற்று ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். இத்தனை கைகள் பட்டு வரும் வாளின் விலை பெரும்பாலானோருக்கு எட்டாததில் வியப்பில்லை.

அந்த இடைவெளியை நிரப்புபவைதான் நவீன நகல் வாள்கள். சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் உள்ள லோங்சுவான், பழங்காலம் முதல் வாள் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். இன்று இணையத்தில் விற்பனையாகும் கட்டானா என்ற நீள வாள்களில் மிகப் பெரும் பகுதி அந்த வட்டாரப் பட்டறைகளிலிருந்து வருகிறது. டாலியன் நகரத்தின் ஹன்வேய் நிறுவனம், வெட்டிப் பழகத்தக்க நகல் வாள்களை உலகச் சந்தையில் பரவலாக்கியவற்றுள் முக்கியமானது. இந்த வாள்களில் பயன்படுவது ஆலையில் உருவான நவீன எஃகு. சீரான தரம் என்று பார்த்தால் அது தமஹகனேயைவிடச் சுத்தமானது. ஆகவே நகல் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஒரே விலையில், ஒரே விளம்பர வாசகத்துடன், மிக நல்ல வாளும் ஆபத்தான வாளும் அருகருகே விற்கப்படுவதுதான் இங்குள்ள சிக்கல்.

எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். சுவரில் மாட்டி அழகு பார்க்க மட்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகு அலகே போதும். ஆனால் அதை ஒருபோதும் வீசக் கூடாது. விளையாட்டாகக்கூட வேண்டாம். அத்தகைய அலகுகள் அந்த நீளத்தில் அதிர்ச்சியைத் தாங்கும் பதத்துடன் உருவாக்கப்படுவதில்லை. அவற்றின் பிடிக்குள் இருப்பதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இயாய்தோ பழகுபவர்களுக்கு, அதாவது உறையிலிருந்து வாளை உருவி, வீசி, மீண்டும் உறைக்குள் செலுத்தும் கலையைக் கற்பவர்களுக்கு, தொடக்கத்தில் கூரான வாள் தேவையே இல்லை. ஜப்பானில் இதற்கென்றே துத்தநாக-அலுமினியக் கலவையில் வார்க்கப்படும் இயாய்டோ என்ற பயிற்சி வாள் உண்டு. இரும்பு கலவாததால் அதற்கு வாள் பதிவு தேவையில்லை. கூர் ஏற்றவும் முடியாது. எதிலும் மோதக் கூடாது என்பது அதைப் பயன்படுத்துவதில் உள்ள முக்கியக் கட்டுப்பாடு. கற்றுத்தருபவர் ஒருவர் இருந்தால், வாங்குமுன் அவரிடம் கேட்பதே முறை. நீளமும் எடையும் பாணிக்குப் பாணி மாறும். ஜப்பானுக்குச் சென்று பயிலும் எண்ணம் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: சீனத் தயாரிப்பான எஃகு வாளை அங்கே பதிவு செய்ய முடியாது, ஆகவே கொண்டுபோகவும் முடியாது.

நனைத்துச் சுருட்டிய பாயை வெட்டிப் பழகும் தமேஷிகிரிக்குத்தான் கூரான எஃகு வாள் உண்மையிலேயே தேவைப்படுகிறது. இனி வரும் விவரங்கள் பெரும்பாலும் அத்தகைய வாளுக்கானவை.

எஃகின் எண்களைப் புரிந்துகொள்வது எளிது. 1045, 1060, 1095 என்று வரும் எண்களில் கடைசி இரண்டு இலக்கங்கள் கார்பனின் அளவைச் சொல்கின்றன. 1060 என்றால் சுமார் 0.60 விழுக்காடு. கார்பன் கூடக்கூட எஃகு அதிகக் கடினம் பெறும். பதம் தவறினால் எளிதில் உடையவும் செய்யும். 1045 மலிவான வாள்களில் அதிகம் வருகிறது. கூர் சீக்கிரம் மழுங்கினாலும் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். 1060 நடுத்தரமான, நம்பகமான தேர்வு. 1095, சீனத் தரவரிசையின் டி10 ஆகியவற்றில் கார்பன் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் பட்டறையின் திறமை கூடுதலாக வேண்டும். 9260 சிலிக்கன் கலந்த ஸ்பிரிங் எஃகு, 5160 குரோமியம் கலந்த ஸ்பிரிங் எஃகு. இரண்டும் வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் குணத்துக்குப் பெயர்பெற்றவை. எல்6 என்ற நிக்கல் கலந்த எஃகுக்கு ஒரு தனிப் புகழ் உண்டு. அமெரிக்கக் கொல்லர் ஹோவர்ட் கிளார்க், அதில் பெய்னைட் என்ற உள்ளமைப்பைக் கொண்டுவந்து செய்த வாள்களால் வந்த புகழ் அது. அதே எஃகின் பெயரைப் பொறித்துவிட்டால் அதே பதம் வந்துவிடாது.

மடித்து அடித்த எஃகைப் பற்றிய மயக்கமும் தெளிய வேண்டும். தமஹகனேயில் கார்பன் ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருக்கும், கசடும் கலந்திருக்கும். அதைச் சீராக்கிக் கசடை வெளியேற்றத்தான் பழைய கொல்லர்கள் பாளத்தைக் காய்ச்சி மடித்து மடித்து அடித்தார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிக்கும் என்பதால், பத்து மடிப்பிலேயே ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆலையில் உருவான எஃகு ஏற்கெனவே சீரானது. அதை மடிப்பதால் மேற்பரப்பில் மரத்தின் ரேகை போன்ற அழகு வரும். வலிமை கூடாது. ஒட்டு சரியாக விழாவிட்டால் உள்ளே ஒரு பலவீனமான இடம் உருவாகிவிடும். வெட்டிப் பழகும் வாளுக்கு, என்னைக் கேட்டால், மடிக்காத எஃகே மேல். அழகுக்காக மடிப்பு வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. அது அழகுக்கான செலவு என்று தெரிந்து செய்தால் போதும்.

இப்போது பதத்துக்கு வருவோம். மரபு முறையில், அலகின் முதுகில் களிமண் கலவையைத் தடிமனாகவும் வெட்டுவாய்ப் பக்கம் மெல்லியதாகவும் பூசி, உலையில் செம்மையாகப் பழுக்கக் காய்ச்சி, நீரில் தோய்ப்பார்கள். மெல்லிய பூச்சுள்ள வெட்டுவாய் சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பாக மாறுகிறது. தடித்த களிமண்ணுக்குள் இருக்கும் முதுகு மெல்லக் குளிர்ந்து, மென்மையான பியர்லைட்டாக நின்றுவிடுகிறது. மார்ட்டென்சைட் சற்றுக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆகவே வெட்டுவாய்ப் பக்கம் நீண்டு, அலகு முதுகை நோக்கி வளைகிறது. ஜப்பானிய வாளின் அந்த அழகிய வளைவில் ஒரு பங்கு, தோய்க்கும் அந்தச் சில நொடிகளில் பிறப்பதுதான். கடினமும் மென்மையும் சந்திக்கும் எல்லைதான் ஹமோன் என்ற அலை வரி.

நகல் வாள்களில் இந்த முறையும் உண்டு, அலகு முழுவதையும் ஒரே சீராகக் கடினப்படுத்தும் முறையும் உண்டு. களிமண் முறையில் வெட்டுவாய், கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 60ஐ ஒட்டியும், முதுகு 40 அல்லது அதற்குக் கீழும் இருக்கலாம். கூர் அபாரமாக நிற்கும். ஆனால் கோணம் தவறி வெட்டினால் மென்மையான முதுகு வளைந்துவிடும், வளைந்தது தானாக நிமிராது. கடினமான எதிலாவது பட்டால் வெட்டுவாயில் சில்லு பெயரும். ஒரே சீரான பதம் பெற்ற ஸ்பிரிங் எஃகு அலகு இவ்வளவு கடினமாக இருக்காது என்றாலும், தவறான வெட்டை வளைந்து கொடுத்து வாங்கிக்கொண்டு நிமிர்ந்துவிடும். வெட்டப் புதிதாகக் கற்பவர் எவரும் கோணம் தவறுவார்கள். அதனால் முதல் வெட்டு வாளாக ஒரே சீரான பதமுள்ள 9260 அல்லது 5160 வாளையே பரிந்துரைப்பேன், ஹமோனின் அழகை அப்போதைக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தாலும்.

ஒரே சீராகப் பதமேற்றிய அலகில் உண்மையான ஹமோன் இருக்கவே முடியாது என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அத்தகைய வாளில் அலை வரி தெரிந்தால், அது அமிலத்தாலோ கம்பித் தூரிகையாலோ வரைந்தது. உண்மையையும் போலியையும் பிரித்தறிய ஓர் ஒற்றை விளக்கு போதும். அலகின் முனையை விளக்கை நோக்கி நீட்டி, மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான ஹமோனில் வெண்மையான பகுதியின் விளிம்பில் பனிமூட்டம் போன்ற ஒரு மெல்லிய ஒளிக்கோடு சில கோணங்களில் மட்டும் எழும்பும். அதற்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக மணல் துகளளவு மினுக்கங்கள் தெரியலாம். அலையின் வடிவமும் ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருக்காது. அந்த வரி முனைப்பகுதிக்குள்ளும் நுழைந்து முதுகை நோக்கித் திரும்பும். வரைந்த ஹமோனோ எந்தக் கோணத்திலும் ஒரே வெளுப்பாக, இடைவெளி பிசகாமல் ஒரே அலையாக ஓடும். மெருகு போட்டுத் தேய்த்தால் அழிந்தும்விடும். உண்மையான ஹமோனையும் பட்டறைகள் சற்று அமிலத்தில் எடுப்பாக்குவது வழக்கம்தான். அதை மோசடி என்று சொல்ல முடியாது.

ஒரு வாள் எதற்காவது நிராகரிக்கப்பட வேண்டுமென்றால், பெரும்பாலும் பிடியில் காணும் குறைக்காகத்தான் இருக்க வேண்டும். அலகின் அடிப்பகுதி, காம்பாக நீண்டு, ட்சுகா எனப்படும் மரப்பிடிக்குள் நுழைகிறது. ஜப்பானியர் அந்தக் காம்பை நகாகோ என்கிறார்கள். அலகும் நகாகோவும் ஒரே எஃகுத் துண்டாக இருக்க வேண்டும். அது பிடியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளே செல்ல வேண்டும். அலங்கார வாள்களில் நடப்பது வேறு. அலகின் அடியில் மெல்லிய திருகு கம்பி ஒன்றைப் பற்றவைத்து, பிடியின் மறுமுனையில் ஒரு நட்டால் இறுக்கிவிடுவார்கள். வேகமாக வீசினால் பற்றவைத்த இடம் முறிந்து, முழு அலகும் பிடியை விட்டுப் பறந்துபோகும். கூர் இல்லாத அலகாக இருந்தாலும், எதிரில் நிற்பவருக்கு உயிராபத்துதான்.

சரியாகச் செய்த பிடியில், மக்னோலியா மரத்தின் இரண்டு பாதிகள் அந்த ஒரு நகாகோவின் வடிவத்துக்கே குடையப்பட்டு, ஒட்டப்படுகின்றன. வாளைப் பிடித்து நிறுத்துவது முதன்மையாக மரத்துக்கும் எஃகுக்கும் இடையிலான அந்த இறுக்கம்தான். இரண்டையும் ஊடுருவிச் செல்லும் மெகுகி என்ற மூங்கில் ஆப்பு, அந்த இறுக்கத்துக்குக் காவல். தொழிற்சாலையில் ஒரே அளவில் குடைந்த மரத்தை எல்லா அலகுக்கும் மாட்டும்போது இடைவெளி விழுகிறது. அந்த வேலை முழுவதும் ஆப்பின் தலையில் விழுகிறது. ஆப்பு நசுங்கும், துளை அகலும், ஒரு நாள் மரம் நீளவாக்கில் பிளக்கும். பித்தளை ஆப்பு உறுதியானது என்று சிலர் விரும்புகிறார்கள். ஆனால் அது மரத்துளையை வேகமாகத் தின்னும். முற்றிய மூங்கிலின் நார்கள் முறிந்தாலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். அதனால்தான் மூங்கில்.

பிடியின் மேல் சுற்றியிருக்கும் திருக்கை மீன் தோல், பிடியை முழுதும் சுற்றி வந்தால் மரத்துக்கு அது ஒரு கவசம். இரண்டு பக்கமும் துண்டு துண்டாக ஒட்டியிருந்தால் அலங்காரம் மட்டுமே. அதன் மேலுள்ள நாடாவைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அசையக் கூடாது. பருத்தியோ, பட்டோ, தோலோ, எதுவானாலும் கட்டு இறுக்கமாக இருப்பதுதான் முக்கியம்.

வாள் கைக்கு வந்ததும் ஒரு முறை பிரித்துப் பார்ப்பதை வலியுறுத்துவேன். ஆப்பின் குறுகிய முனையிலிருந்து சிறு சுத்தியலால் தட்டி வெளியே எடுங்கள். அலகு மேல் நோக்கி நிற்கும்படி, சற்றுச் சாய்வாக, பிடியின் அடிப்பகுதியை இடக்கையால் பற்றிக்கொண்டு, அந்த மணிக்கட்டின் மேல் வலக்கை முட்டியால் தட்டுங்கள். நல்ல வாளில் சில தட்டுகளுக்குப் பிறகே அலகு கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும். முதல் தட்டிலேயே தளர்ந்து வந்தால் பொருத்தம் சரியில்லை. தட்டியும் வராமல் அடம்பிடித்தால், உள்ளே பசை ஊற்றியிருக்கிறார்களோ என்று சந்தேகிக்கலாம். வெளியே வந்த நகாகோவின் விளிம்புகளில் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா, ஆப்புத் துளை ஓரத்துக்கு மிக நெருங்கியிருக்கிறதா, பிடியின் வாயில் விளக்கடித்துப் பார்த்தால் மரத்தில் விரிசலோ நிரப்பிய காகிதமோ தெரிகிறதா என்று கவனியுங்கள். சீன நகல் வாளின் நகாகோவில் பழைய ஜப்பானியக் கொல்லரின் பெயர் பொறித்திருந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. பழைய அசல் வாளின் நகாகோவில் கறுத்துப் படிந்திருக்கும் துருவை எக்காரணம் கொண்டும் சுரண்டக் கூடாது, வாளின் வயதுக்கு அதுவே சான்று. நகல் வாளில் அந்த இடத்தில் துரு இருந்தால் துடைத்து எண்ணெய் பூசிவிடலாம்.

மீதியுள்ள பொருத்தங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். ட்சுபா எனும் கைக்காப்பு ஆடக் கூடாது. ஹபாகி எனும் கழுத்துப் பட்டை உறையின் வாயில் கச்சிதமாக அமர வேண்டும். கவிழ்த்தால் அலகு தானாக நழுவக் கூடாது, உருவுவதற்கு மல்லுக்கட்டவும் கூடாது. அலகை நீளவாக்கில் கண்ணருகே வைத்து முதுகின் வழியே பார்த்தால் பக்கவாட்டுக் கோணலும் முறுக்கலும் தெரிந்துவிடும்.

நீளத்தைப் பொறுத்தவரை, இரண்டு ஷாக்கு, அதாவது 60.6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகே கட்டானா என்று கணக்கு. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 70 முதல் 73 சென்டிமீட்டர் வரை. குள்ளமானவர் நீள வாளை உருவும்போது முனை உறைக்குள்ளேயே சிக்கி நிற்கும். உயரமானவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. உறை நீங்கலாக, பிடியோடு சேர்த்து ஒரு கிலோ முதல் 1.3 கிலோ வரை இயல்பான எடை. அதைவிடவும் முக்கியம், சமநிலைப் புள்ளி ட்சுபாவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. இரண்டு வாள்கள் ஒரே எடையில் இருந்தும், முனைப்பக்கம் கனக்கும் வாள் சிறிது நேரத்திலேயே மணிக்கட்டைச் சோர்வடையச் செய்துவிடும். அலகின் பக்கவாட்டில் ஓடும் போஹி என்ற நீள்பள்ளம் எடையைக் குறைக்கும். சரியான கோணத்தில் வீசும்போது விசில் போன்ற ஓசையும் எழுப்பும். உருவிப் பழகுபவருக்கு அது நல்ல ஆசான். கோணம் தவறிய வெட்டில் பள்ளமுள்ள அலகு எளிதில் வளைவதால், வெட்டிப் பழகத் தொடங்குபவருக்குப் பள்ளமில்லாத அலகே நல்லது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை இவற்றிலிருந்தே பிறக்கின்றன. பிடி கழற்றிய நிலையில் நகாகோவின் படம், சமநிலைப் புள்ளி, எடை, பதமேற்றிய முறை, முறிந்தால் மாற்றித் தருவார்களா என்பது. அனுப்பப்போகும் அதே வாளின் படத்தைக் கேளுங்கள், மாதிரி வாளின் படம் போதாது. மழுப்பலான பதில் வந்தால் அங்கிருந்து வாங்க வேண்டாம். இரண்டு ஒத்த வாள்களில் ஒன்றின் பணம் பளபளக்கும் பொருத்துகளிலும், இன்னொன்றின் பணம் பிடியின் மரத்திலும் போயிருந்தால், இரண்டாவதை எடுங்கள். விலை உயர்ந்த நகல் வாளுக்குக் கொடுக்கும் தொகையில் சில வேளைகளில் பழைய அசல் குறுவாள் ஒன்று கிடைக்கும். வரலாற்றின் மேல் பற்றுள்ளவருக்கு அது சிறந்த தேர்வு. அதைக் கொண்டு எதையும் வெட்டிப் பழகக் கூடாது, ஏனென்றால் அதில் ஏற்படும் சேதத்தைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது.

உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். பிரிட்டனில் 2008 முதல் 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களின் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை உண்டு. 1954க்கு முந்தையவற்றுக்கும், மரபு முறையில் கையால் செய்தவற்றுக்கும் விலக்கு இருக்கிறது. இயந்திரத்தில் அரைத்து எடுத்த மலிவு வாளும் கையால் அடித்த வாளும் அங்கே சட்டத்தின் கண்ணில் வெவ்வேறானவை.

கார்பன் எஃகு விரல் ரேகையிலிருந்தே துருப்பிடிக்கும். அலகைத் தொடாமல், ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பிறகும் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, வெட்டுவாய் மேல்நோக்கி இருக்கும்படி கிடைமட்டமாக வையுங்கள். உருவும்போது உறையின் வெட்டுவாய்ப் பக்கத்தில் விரல்கள் இருக்கக் கூடாது, அலகு உறையைப் பிளந்துகொண்டு வந்த விபத்துகள் உண்டு. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் ஆப்பைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அன்று வாளை வீச வேண்டாம், புது மூங்கில் ஆப்பு சீவிப் போட்டுக்கொண்டு மறுநாள் தொடருங்கள்.